சேய் ப்ராசஸ் யாருக்குச் சொந்தம்? பல த்ரெட் நிரல்களில் ஃபோர்க், வெயிட், கில்

ஓடும் நிரல் (ப்ராசஸ்) ஒன்று தன் நகலாகச் சேய் ப்ராசஸை உருவாக்க உதவும் யூனிக்ஸின் ஃபோர்க் சிஸ்டம் கால் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் செய்யும் அழைப்பு) 1970களின் தொடக்கத்திலேயே இருந்தது. அன்று ஒரு ப்ராசஸுக்குள் ஒரே ஓர் ஓட்டம்தான். சேயை உருவாக்குவது, அது முடியும்வரை காத்திருப்பது, தேவைப்பட்டால் அதைக் கொல்வது ஆகிய மூன்றும் ஒரே நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஒரே ப்ராசஸுக்குள் பல ஓட்டங்களுக்கு, அதாவது த்ரெட்களுக்கு, இடம் தரும் பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பொதுத் தரம்) த்ரெட் தரம் 1995இல் வந்து சேர்ந்தபோது இந்த அழைப்புகள் எல்லாம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டிருந்தன. ஆகவே அவற்றின் அடிப்படை அப்படியே இருக்க, த்ரெட்கள் அவற்றின்மேல் வந்து அமர்ந்தன. இன்றும் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) அட்டவணை, சேய்களின் பட்டியல், அவற்றின் முடிவு நிலை, சிக்னல் ஹேண்ட்லர்கள் (கெர்னல் வழியே வரும் சிக்னலுக்கு விடையாக ஓடும் ஃபங்ஷன்கள்) ஆகியவை ப்ராசஸ் முழுமைக்கும் பொதுவாகவே உள்ளன. நிரல் எழுதுபவரோ, தன் த்ரெட் உருவாக்கிய சேய் அந்த த்ரெட்டுக்கே உரியது என்று கருதி எழுதுகிறார். சேய் ப்ராசஸ்கள் தொடர்பாக நான் ஆராய்ந்த ரேஸ் கண்டிஷன்களில் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழைகளில்) பெரும்பாலானவை இந்த ஒரு கருத்துப் பிழையிலிருந்தே கிளைத்தவை.

இந்தப் பதிவில் லினக்ஸை அடிப்படையாகக் கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பல வொர்க்கர் த்ரெட்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கு வரும் வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரலைச் சேய் ப்ராசஸாக இயக்குகிறது. குறித்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் சேயைக் கொன்றுவிட வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். அதைப் பிழையின்றிச் செய்வதற்கு எவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

வெயிட்டுக்கும் கில்லுக்கும் இடையே

ஒரு சேய் முடிந்ததும் கெர்னல் அதன் நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. ஆனால் அதன் பிஐடியையும் (ப்ராசஸின் அடையாள எண்) முடிவு நிலையையும் தாய் ப்ராசஸ் வந்து கேட்டு வாங்கும்வரை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் ப்ராசஸைத்தான் ஸோம்பி என்கிறோம். ஸோம்பி என்றாலே அலட்சியமாக எழுதப்பட்ட நிரலின் அடையாளம் என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. என்னைக் கேட்டால், யூனிக்ஸின் ப்ராசஸ் மேலாண்மையில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாதுகாப்பே அதுதான் என்பேன். ஸோம்பி இருக்கும்வரை அந்த பிஐடி வேறு எவருக்கும் தரப்படாது. தாய் ப்ராசஸ், சேய் முடியக் காத்திருக்கும் வெயிட்பிஐடியை அழைத்து முடிவு நிலையைப் பெற்ற அந்தக் கணத்தில் எண் விடுதலையாகிறது. அதன்பின் உருவாகும் எந்த ப்ராசஸுக்கும் அதே எண் கிடைக்கலாம். வாடகை வீட்டின் கதவு எண் போன்றது பிஐடி: குடியிருப்பவர் மாறினாலும் எண் மாறாது, கதவைத் தட்டுபவருக்கு உள்ளே இருப்பது யார் என்று அந்த எண் சொல்லாது.

இப்போது நம் சர்வருக்கு வருவோம். ஒரு த்ரெட் வெயிட்பிஐடியில் காத்திருக்கிறது. இன்னொரு த்ரெட் நேரக்கெடுவைக் கண்காணிக்கிறது. கெடு தாண்டியதும் "இந்தச் சேய் இன்னும் முடியவில்லையே" என்று ஒரு மாறியைப் பார்த்துவிட்டு, கில் அழைப்பின் வழியே, ப்ராசஸைக் கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்புகிறது. காத்திருக்கும் த்ரெட்டின் வெயிட்பிஐடி கெர்னலுக்குள் வெற்றிகரமாக முடிந்து, பிஐடி விடுதலையாகி, ஆனால் "முடிந்துவிட்டது" என்று மாறியில் எழுதுவதற்கு முன்பாக அந்த த்ரெட்டை ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் கெர்னல் பகுதி) நிறுத்தி வைத்துவிட்டால் என்ன ஆகும்? கண்காணிப்பு த்ரெட் பார்க்கும் மாறி பழைய செய்தியையே சொல்லும். சிக்கில் அனுப்பப்படும். அந்த எண்ணில் இப்போது எந்த ப்ராசஸ் குடியிருக்கிறதோ அது சாகும். நாம் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இயங்கினால் கெர்னல் அனுமதி மறுத்துக்கூட நம்மைக் காப்பாற்றாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு பூட்டு. வெயிட்டையும் கில்லையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிடலாம் என்பார்கள். ஆனால் வெயிட்பிஐடி சேய் முடியும்வரை திரும்பாத அழைப்பு. அதைப் பூட்டுக்குள் அழைத்தால் கண்காணிப்பு த்ரெட்டுக்குப் பூட்டு கிடைப்பதே சேய் முடிந்த பிறகுதான். எதற்காகக் கண்காணிக்கிறோமோ அந்த வேலையே நடக்காது. பூட்டுக்கு வெளியே அழைத்தால் முன்பு சொன்ன இடைவெளி மீண்டும் திறக்கிறது. சிறு சிறு இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பூட்டைப் பிடித்து, காத்திருக்காத வெயிட்பிஐடியால் கேட்டுப் பார்ப்பது சரியான விடையைத் தரும். ஆனால் அது வீண் சுழற்சி, முடிவு தெரிவதிலும் தாமதம்.

சரியான வழி வெயிட்ஐடி அழைப்பில் இருக்கிறது. அதற்கு டபிள்யூநோவெயிட் என்னும் குறியைக் கொடுத்தால், சேய் முடியும்வரை அது காத்திருக்கும், முடிந்ததும் திரும்பும், ஆனால் ஸோம்பியை நீக்காது. எண் இன்னும் நம்முடையதாகவே இருக்கும். ஆகவே காத்திருப்பதைப் பூட்டுக்கு வெளியே செய்கிறோம். திரும்பியதும் பூட்டைப் பிடித்து, "முடிந்துவிட்டது" என்று முதலில் எழுதி, அதன்பிறகே முடிவு நிலையை வாங்கி ஸோம்பியை நீக்குகிறோம். கில் அனுப்பும் த்ரெட்டும் அதே பூட்டைப் பிடித்து, மாறியைப் பார்த்து, முடியாவிட்டால் மட்டும் அனுப்புகிறது. நடுவில் சேய் இறந்திருந்தால்கூட சிக்னல் ஸோம்பிக்குத்தான் போகும். அதனால் யாருக்கும் கேடில்லை. கோ மொழியின் ஓஎஸ் பேக்கேஜில் ப்ராசஸுக்காகக் காத்திருக்கும் பகுதி லினக்ஸில் நெடுங்காலம் இந்த முறையையே பின்பற்றியது. அந்த நிரலைப் படிக்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். சில பத்து வரிகளில் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேக்ஓஎஸ்ஸில் இதே உத்தி கைகொடுக்கவில்லை. அங்கே வெயிட்ஐடி, முடிந்த சேய்களுக்காக மட்டும் காத்திரு என்று சொன்னாலும், சேய் தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோதே திரும்பிவிடுகிறது என்று கண்டறிந்து கோ அங்கு அதைக் கைவிட்டது.

பைத்தானின் சப்ப்ராசஸ் மாட்யூல் வேறு பாதையில் போகிறது. சிக்னல் அனுப்புவதற்கு முன் சேய் முடிந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறது. ஆனால் வேறொரு த்ரெட் ஏற்கெனவே வெயிட்பிஐடியில் காத்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, சிக்னல் போய்விடும். ஆபத்து குறைகிறது, ஆனால் இடைவெளி மூடப்படவில்லை.

"பிஐடி மறுபடி வழங்கப்படுவது அத்தனை எளிதில் நடக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. லினக்ஸ் எண்களை வரிசையாகத் தருகிறது. உச்சவரம்பு வரை போய்ச் சுற்றி வந்தால்தான் பழைய எண் மீண்டும் கிடைக்கும். பாரம்பரியமான உச்சவரம்பு 32768. 64 பிட் கணினிகளில் அதை 4194304 வரை உயர்த்தலாம். லினக்ஸ் அமைப்பைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 243ஆம் பதிப்பிலிருந்து தானாகவே அப்படி உயர்த்துகிறது. ஆகவே மைக்ரோவினாடி அளவிலான இடைவெளியில் எண் சுற்றி வருவது மிக அரிது என்பது உண்மை. ஆனால் பெரிய மென்பொருள் கட்டமைப்பு நடக்கும் சர்வரில் கம்பைலர்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் பிறந்து மடியும்போது 32768 என்பது சில பத்து வினாடிகளின் கணக்கு. சுமை மிகுந்த நேரத்தில் ஒரு த்ரெட் அவ்வளவு நேரம் ஓடாமல் கிடப்பதும் உண்டு. அதைவிட முக்கியமானது, முடிவு நிலையை வாங்கிய பிறகும் பிஐடியை ஏதோ ஒரு பட்டியலில் மறந்து வைத்திருக்கும் நிரல்கள். அங்கே இடைவெளி மைக்ரோவினாடியாக இருப்பதில்லை, மணிக்கணக்கில் நீள்கிறது.

இதன் கூடவே வரும் இன்னொரு ஆபத்தைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. சேய் முடிந்ததும் பிஐடி மாறியில் -1 என்று எழுதிவைக்கும் பழக்கம் பல சி நிரல்களில் உண்டு. ஒரு த்ரெட் அந்த மாறி சுழியத்தைவிடப் பெரிதா என்று பார்த்துவிட்டு, கில்லுக்குக் கொடுக்கும்போது அதை மீண்டும் ஒருமுறை படிக்கிறது. இரண்டு வாசிப்புக்கும் நடுவே மற்ற த்ரெட் -1 என்று மாற்றிவிட்டால், கில் அழைப்புக்கு -1 போய்ச் சேர்கிறது. கில் அழைப்பில் -1 என்றால், நமக்குச் சிக்னல் அனுப்ப அனுமதியுள்ள எல்லா ப்ராசஸ்களுக்கும் என்று பொருள். 0 என்றால் நம் ப்ராசஸ் குழு முழுவதற்கும். இதற்கு எண் சுற்றி வரவேண்டிய தேவையே இல்லை. இரண்டு வாசிப்புகள் போதும். பிஐடியை வைத்திருக்கும் மாறியில் சிறப்புப் பொருள் கொண்ட எண்களை எழுதாமல், நிலையைத் தனி மாறியில் வைப்பதே என் உறுதியான பரிந்துரை.

இன்னொருவரின் சேயை எடுத்துக்கொள்ளும் லைப்ரரிகள்

வெயிட்பிஐடிக்கு -1 என்று கொடுத்தால் "எந்தச் சேய் முடிந்தாலும் சரி" என்று பொருள். ஒரே நிரலில் ஒரே இடத்தில் சேய்களை நிர்வகிக்கும்போது இது வசதியானது. ஆனால் நம் நிரலோடு இணைந்த ஏதோ ஒரு லைப்ரரி (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) பின்னணி த்ரெட்டில் இப்படி அழைத்தால், நம் எஃப்எஃப்எம்பெக்கின் முடிவு நிலை அந்த லைப்ரரியின் கைக்குப் போகும். நம் த்ரெட் தன் சேயைக் கேட்டு அழைக்கும்போது ஈசைல்டு ("அப்படி ஒரு சேய் இல்லை") என்ற பிழைதான் கிடைக்கும்; வேலை வெற்றியா தோல்வியா என்பது நிரந்தரமாகத் தெரியாமலே போகும். அதைவிடக் கெடுதல், ஸோம்பி நமக்குத் தெரியாமலே நீங்கியதால் முன் பகுதியில் கட்டிய பாதுகாப்பு முழுவதும் பொருளற்றுப்போகிறது. நாம் எவ்வளவு கவனமாகப் பூட்டு வைத்தாலும் அந்த லைப்ரரிக்கு நம் பூட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

லைப்ரரி எழுதுபவர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. சேய் முடிந்தால் சிக்சைல்டு சிக்னல் வருகிறது. ஆனால் இந்தச் சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. ஒரு சிக்னல் நிலுவையில் இருக்கும்போது பத்து சேய்கள் இறந்தாலும் ஹேண்ட்லர் ஒரே ஒரு முறைதான் அழைக்கப்படலாம். ஆகவே ஹேண்ட்லருக்குள் "இன்னும் யாராவது இருக்கிறார்களா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. -1 அதற்கு எளிய வழி. நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிப்யூவி இதை நேர்மையாகச் செய்கிறது: தான் உருவாக்கிய சேய்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. சேய்கள் மிகுந்தால் சற்று மெதுவாகும், ஆனால் பிறருடைய சேயைத் தொடாது. ஜிலிப் என்ற சி லைப்ரரியின் ஆவணமும், அதன் சேய் கண்காணிப்பு வசதியைப் பயன்படுத்தும் நிரல்கள் -1 போன்ற பொதுவான காத்திருப்பை அழைக்கவே கூடாது என்று தெளிவாக விதிக்கிறது.

சிக்சைல்டு சிக்னலைப் புறக்கணி என்று அமைத்தால் லினக்ஸ் ஸோம்பியே உருவாக்காமல் சேயை நேரடியாக நீக்கிவிடும். இந்த அமைப்பு எக்ஸெக்கையும் (ப்ராசஸுக்குள் வேறொரு நிரலை ஏற்றி ஓட்டும் அழைப்பு) தாண்டி அடுத்த நிரலுக்குப் போகிறது. நம் சர்வரை இயக்கிவைத்த நிரல் அப்படி அமைத்திருந்தால், நம் நிரலில் ஒரு வரி பிழைகூட இல்லாமலே எல்லா வெயிட்பிஐடியும் ஈசைல்டு தரும். நிரலின் தொடக்கத்திலேயே சிக்சைல்டை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது ஒரே வரி வேலை. அதைச் செய்துவிட வேண்டும்.

திறந்தே கிடக்கும் பைப்

ஃபைல் டிஸ்கிரிப்டர் கசிவுதான் இந்தத் துறையில் மிகுந்த நேரத்தைத் தின்னும் பிழை என்பது என் அனுபவம். அதன் அறிகுறி ஒரே மாதிரி இருக்கும்: சர்வர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தொங்கி நிற்கும்.

ஒரு த்ரெட் தன் சேயின் உள்ளீட்டுக்காக ஒரு பைப்பை (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்க உதவும் குழாய்) உருவாக்குகிறது. எழுதும் முனை தாயிடம், படிக்கும் முனை சேயிடம். தாய் எல்லாவற்றையும் எழுதி முடித்து முனையை மூடினால், சேய்க்கு உள்ளீடு முடிந்தது என்று தெரியவேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எழுதும் முனையின் எல்லா நகல்களும் மூடப்பட்டிருக்க வேண்டும். பைப்பை உருவாக்கியதற்கும் அதன்மேல் "எக்ஸெக்கின்போது மூடு" என்ற குறியை வைப்பதற்கும் நடுவே, இன்னொரு த்ரெட் தன் சேயை ஃபோர்க் செய்துவிட்டால், தொடர்பே இல்லாத அந்த இரண்டாவது சேயிடம் நம் எழுதும் முனையின் நகல் போய்விடுகிறது. அந்தச் சேய்க்கு அது இருப்பதே தெரியாது, அதனால் மூடவும் மாட்டாது. முதல் சேய் வராத முடிவுக்காகக் காத்திருக்கும். அதன் த்ரெட் முதல் சேய்க்காகக் காத்திருக்கும். இரண்டாவது சேய் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டும் ஒரு மணி நேரம் நிற்கும். இரண்டும் ஒன்றின் முனையை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் என்றென்றும் நிற்கும்.

குறியை இரண்டாவது படியில் வைப்பதால்தான் இந்த இடைவெளி. ஆகவே திறக்கும்போதே குறியை வைக்கும் வசதி தேவைப்பட்டது. லினக்ஸில் ஓப்பன் அழைப்புக்கான ஓ_க்ளோஎக்ஸெக் குறி 2007இல், 2.6.23 பதிப்பில் வந்தது. பைப்பை உருவாக்கும் பைப்2, டிஸ்கிரிப்டரை நகலெடுக்கும் டப்3 ஆகியவையும் சாக்கெட்டுக்கான (இணைப்பு முனைக்கான) இணையான குறியும் 2008இல் 2.6.27 பதிப்பிலும், வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட்4 அதற்கடுத்த பதிப்பிலும் வந்தன. பைத்தான் 3.4 பதிப்பு, 2014இல், தான் திறக்கும் எல்லா டிஸ்கிரிப்டர்களையும் சேய்க்குப் போகாதவையாக இயல்பாகவே அமைக்கத் தொடங்கியது. இந்த முடிவு பழைய நிரல்கள் சிலவற்றை உடைக்கும் என்று தெரிந்தே எடுக்கப்பட்டது. என் பார்வையில் அது முற்றிலும் சரியான முடிவு. விண்டோஸில் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. அங்கே மரபுரிமை வேண்டும் என்று சொல்லி ஒரு ப்ராசஸை உருவாக்கினால், அந்தக் கணத்தில் மரபுரிமைக் குறி உள்ள எல்லா ஹேண்டில்களும் (டிஸ்கிரிப்டருக்கு இணையானவை) அதற்குப் போய்விடும். எந்தெந்த ஹேண்டில்கள் போகவேண்டும் என்று பட்டியல் தரும் வசதி விஸ்டாவில்தான் சேர்க்கப்பட்டது.

ஓ_க்ளோஎக்ஸெக் குறியால் எல்லாம் தீர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை. அதற்குச் சான்றாகக் கோ மொழியின் கட்டமைப்புக் கருவியில் வெளிப்பட்ட ஒரு ரேஸைச் சொல்ல வேண்டும். அந்தக் கருவி ஒரு நிரலைக் கட்டி, இயக்கத்தகு கோப்பாக எழுதி, மூடி, உடனே அதை இயக்கும். சில நேரங்களில் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்ற பிழை வந்தது. எவராவது எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸ் இயக்க விடாது என்பதே அதன் பொருள். கோப்பை நாம் மூடிவிட்டோம். குறியும் ஒழுங்காக வைத்திருந்தோம். பின் யார் திறந்து வைத்திருக்கிறார்கள்? கோப்பு திறந்திருந்த நேரத்தில் வேறொரு த்ரெட் ஃபோர்க் செய்த சேய்தான். குறி செயல்படுவது எக்ஸெக் நடக்கும் கணத்தில். ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு நேரம் முழுவதும் நகல் சேயிடம் உயிரோடு இருக்கிறது. நாம் நம் கோப்பை இயக்க முயன்றது அந்த நேரத்துக்குள் விழுந்துவிட்டது. கோ கருவி, சற்று நேரம் உறங்கி மீண்டும் முயலும் ஒரு சுற்றை எழுதி இதைச் சமாளித்தது. அந்தச் சுற்றுக்கு மேலே இந்தக் காரணத்தை விளக்கும் நீண்ட குறிப்பும் நிரலில் உள்ளது.

மீண்டும் முயல்வதை விடத் தூய்மையான வழிகள் இரண்டு உண்டு. கோப்பை எழுதும் வேலையையே ஒரு சிறு சேய் ப்ராசஸிடம் கொடுத்துவிட்டால், எழுதும் டிஸ்கிரிப்டர் பல த்ரெட் உள்ள ப்ராசஸுக்குள் வரவே வராது. வராததைக் கசியவிட முடியாது. அல்லது, ப்ராசஸ் முழுமைக்கும் ஒரு படிப்பு-எழுத்துப் பூட்டை வைத்து, ஆபத்தான டிஸ்கிரிப்டர்களைத் திறந்து வைத்திருப்பவர்கள் அதைப் படிப்புப் பூட்டாகவும், ஃபோர்க் செய்பவர் அதை எழுத்துப் பூட்டாகவும் பிடிக்கலாம். கோ மொழியின் ஃபோர்க்லாக் இதுதான். பைப்2 இல்லாத மேக்ஓஎஸ் போன்ற அமைப்புகளுக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழியில்லை. ஆனால் நிரலில் ஃபோர்க் செய்யும் ஒவ்வொருவரும் அந்தப் பூட்டை மதித்தால்தான் அது பூட்டு. சி லைப்ரரி ஒன்று தன் விருப்பப்படி பாப்பனை (சேயை உருவாக்கி ஒரு நிரலை இயக்கும் ஃபங்ஷன்) அழைத்தால் முன்பு சொன்ன நிலைதான்.

ஃபோர்க்குக்குப் பின் பூட்டிய பூட்டுகள்

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பல த்ரெட் ப்ராசஸ் ஃபோர்க் செய்யும்போது, அழைத்த த்ரெட் மட்டுமே சேயில் இருக்கும். நினைவகமோ முழுவதும் நகலாகும். வேறு த்ரெட் பிடித்திருந்த பூட்டு, சேயில் பூட்டிய நிலையிலேயே, திறப்பதற்கு ஆளில்லாமல் கிடக்கும். ஆகவே ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே சிக்னல் ஹேண்ட்லருக்குள் அழைக்கத் தகுந்த ஃபங்ஷன்களை மட்டுமே அழைக்கலாம் என்று பாசிக்ஸ் விதிக்கிறது. நினைவகம் ஒதுக்கும் மாலக் அந்தப் பட்டியலில் இல்லை, அச்சிடும் பிரின்ட்எஃப்பும் இல்லை. சேய் பக்கத்தில் பிழைச் செய்தியை அழகாக அச்சிட முயன்று தொங்கிய நிரல்கள் ஏராளம். தேவை ஒரு நிரலை இயக்குவது மட்டும் என்றால் ஃபோர்க், எக்ஸெக் இரண்டின் வேலையையும் ஒரே அழைப்பில் செய்யும் பாசிக்ஸ் ஸ்பானைப் பயன்படுத்துவதே நல்லது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான கிலிப்சியின் 2.24 பதிப்பிலிருந்து அது நினைவகத்தை நகலெடுக்காமல், அழைத்த த்ரெட்டை மட்டும் நிறுத்திவைத்துச் சேயை உருவாக்குவதால் வேகமும் கூடியிருக்கிறது.

எக்ஸெக்கே செய்யாமல் ஃபோர்க்கை மட்டும் நம்பும் முறை மெல்ல மெல்ல விலக்கப்பட்டு வருகிறது. பைத்தான் 3.12, பல த்ரெட்கள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கிறது, 3.14 பதிப்பில் மல்டிப்ராசஸிங் மாட்யூல் லினக்ஸில் ஃபோர்க்கை இயல்பு முறையாகக் கொள்வதையே கைவிட்டு, த்ரெட்கள் இல்லாத ஒரு தனி சர்வர் ப்ராசஸிடம் ஃபோர்க் வேலையை ஒப்படைக்கும் முறைக்கு மாறியது. மேக்ஓஎஸ்ஸில் 3.8 பதிப்பிலேயே ஃபோர்க் இயல்பு முறையாக இருப்பது நின்றுவிட்டது.

தாய் இறந்தால் வரும் சிக்னல்

சர்வர் திடீரென்று விழுந்தால் அதன் எஃப்எஃப்எம்பெக்குகள் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காக லினக்ஸ் பிஆர்_செட்_பிடெத்சிக் என்ற வசதியைத் தருகிறது: சேய் தன்னைப் பற்றி, "என் தாய் இறந்தால் எனக்கு இந்தச் சிக்னலை அனுப்பு" என்று கெர்னலிடம் சொல்லிவைக்கிறது. இங்கே தாய் என்பது ப்ராசஸ் அன்று. சேயை உருவாக்கிய த்ரெட். அந்த த்ரெட் தன் வேலை முடிந்து வெளியேறினால், ப்ராசஸ் நலமாக ஓடிக்கொண்டிருந்தாலும், சேய்க்கு மரணச் சிக்னல் போய்விடும். வேலை இல்லாத வொர்க்கர்களைச் சிறிது நேரத்தில் கலைத்துவிடும் த்ரெட் பூல்களில் இது ஒரு விசித்திரமான பிழையாக வெளிப்படும்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேய்கள், சர்வரில் கூட்டம் குறைந்த வேளைகளில், காரணமே தெரியாமல் சாகும். கோ மொழியில் கோரூட்டின்கள் (கோவின் இலகுவான ஓட்டங்கள்) த்ரெட் விட்டு த்ரெட் தாவுவதால் உருவாக்கிய கோரூட்டினை த்ரெட்டோடு பூட்டி வைக்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது.

இதற்குள்ளேயும் ஒரு ரேஸ் உண்டு. சேய் இந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு முன்பே தாய் இறந்துவிட்டால் சிக்னல் வரவே வராது. ஆகவே ஏற்பாடு செய்தவுடன் தன் தாயின் பிஐடி இன்னும் பழைய எண்தானா என்று சேய் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய எண்ணை ஃபோர்க்குக்கு முன்பே எடுத்துவைத்திருக்கவும் வேண்டும்.

எண்ணுக்குப் பதில் பிடி

இத்தனை சிக்கலுக்கும் நடுவில் இருப்பது, ப்ராசஸைக் குறிக்க நம்மிடம் எண் மட்டுமே இருந்தது என்ற உண்மை. கோப்பைத் திறந்து டிஸ்கிரிப்டர் வாங்கிவிட்டால், அதன் பெயரை யார் மாற்றினாலும் நம் கையில் இருப்பது அதே கோப்புதான். ப்ராசஸுக்கு அப்படி ஒரு பிடி நெடுங்காலம் லினக்ஸில் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 2012இல் வெளிவந்த 9.0 பதிப்பில் பிடிஃபோர்க் மூலம் அதைக் கொடுத்தது. லினக்ஸில் அது 2019இல் படிப்படியாக வந்தது: 5.1 பதிப்பில் டிஸ்கிரிப்டர் வழியே சிக்னல் அனுப்பும் வசதி, 5.2இல் சேயை உருவாக்கும்போதே அதன் டிஸ்கிரிப்டரைப் பெறும் வசதி, 5.3இல் பிஐடியைக் கொடுத்து டிஸ்கிரிப்டரைத் திறப்பது, 5.4இல் டிஸ்கிரிப்டரைக் கொடுத்து வெயிட்ஐடியில் காத்திருப்பது. கெர்னல் வல்லுநர் கிறிஸ்டியன் பிரவுனர் இந்தப் பணியை முன்னின்று நடத்தினார்.

பிஐடி-எஃப்டி எனப்படும் இந்த டிஸ்கிரிப்டர் கையில் இருந்தால் முதல் பகுதியில் சொன்ன கில் ரேஸ் இல்லாமல் போகிறது. சேய் முடிந்து, அதன் எண் வேறொருவருக்குப் போயிருந்தாலும், நம் டிஸ்கிரிப்டர் வழியே அனுப்பும் சிக்னல் அந்தப் புதியவரைத் தொடாது. "அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை" என்ற பிழையோடு திரும்பும். சேய் முடிந்ததை, டிஸ்கிரிப்டர்களில் நிகழ்வுக்காகக் காத்திருக்கும் போல் (poll), ஈபோல் (epoll) அழைப்புகளாலும் அறியலாம் என்பதால் சிக்சைல்டு ஹேண்ட்லரே தேவையில்லை. கோ 1.23 பதிப்பிலிருந்து லினக்ஸில் இதைத் தானாகவே பயன்படுத்துகிறது. கிலிப்சி 2.39 பதிப்பில், ஸ்பான் செய்யும்போதே பிஐடி-எஃப்டியைத் திருப்பித் தரும் அழைப்பும் சேர்ந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிஐடியைக் கொடுத்துப் பிறகு டிஸ்கிரிப்டரைத் திறக்கும் வழி, அந்த இடைவெளியில் வேறு யாரும் சேயின் முடிவு நிலையை வாங்கிவிட மாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் பாதுகாப்பானது. லைப்ரரி ஒன்று -1 கொடுத்துக் காத்திருக்கும் ப்ராசஸில் அந்த உறுதி இல்லை. அங்கே உருவாக்கும்போதே டிஸ்கிரிப்டரைப் பெறுவதுதான் வழி. அப்போதும் முடிவு நிலை களவு போவதை பிஐடி-எஃப்டி தடுக்காது. தவறான ப்ராசஸைக் கொல்வதை மட்டுமே தடுக்கும்.

எனவே நான் பராமரிக்கும் சர்வர்களில், எந்தக் கெர்னலாக இருந்தாலும், சேய்களை உருவாக்கும், காத்திருக்கும், கொல்லும் மூன்று வேலைகளையும் ஒரே ஒரு த்ரெட்டிடம் கொடுத்துவிடுகிறேன். வொர்க்கர்கள் அதற்கு ஒரு வரிசை வழியே கோரிக்கை அனுப்புகின்றன. பிஐடி அவற்றின் கைக்கு வருவதே இல்லை, ஒரு வேலை எண் மட்டும்தான் வருகிறது. அந்த த்ரெட் நிரல் முடியும்வரை வெளியேறாது என்பதால் மரணச் சிக்னலின் சிக்கலும் இதோடு தீர்கிறது. பைப்களைத் திறப்பதும் அதே த்ரெட் என்பதால் இரண்டு சேய்களுக்கு நடுவே முனைகள் கசிவதும் நிற்கிறது. உருவாக்கும் வேலை ஒரே த்ரெட் வழியே நெருக்கிப் போவதால் வேகம் குறையும் என்ற மறுப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எஃப்எஃப்எம்பெக் போல வினாடிக்கணக்கில் ஓடும் நிரல்களுக்கு அந்த இழப்பு கண்ணில் படும் அளவுக்கு இருப்பதில்லை.

இந்த ரேஸ்களைச் சோதிப்பதற்கு, அவை தாமாக நிகழக் காத்திருக்க வேண்டாம். சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவியில் எக்ஸெக் அழைப்பு தொடங்கும் முன் செயற்கையான தாமதத்தைப் புகுத்தலாம். ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையிலான இடைவெளி மைக்ரோவினாடிகளிலிருந்து முழு வினாடியாக விரியும், டிஸ்கிரிப்டர் கசிவும் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி"யும் கேட்டவுடன் வந்து நிற்கும். பிஐடி மறுபயன்பாட்டுக்கு, சோதனைக்கென ஒதுக்கிய ஒரு மெய்நிகர் கணினியில் கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையின் பிஐடி_மேக்ஸ் மதிப்பைக் (பிஐடியின் உச்சவரம்பு) குறைத்துவிடுங்கள். லினக்ஸ் 301 வரை குறைக்க விடும். அங்கே ஓடும் ப்ராசஸ்களுக்கு இடமிருக்கும்படி ஓர் ஆயிரம் என்று வைத்தால்கூட எண்கள் கண்முன்னே சுற்றி வரும். குறிப்பிட்ட எண்ணே வேண்டும் என்றால், கெர்னலில் செக்பாயின்ட் வசதி (ஓடும் ப்ராசஸைச் சேமித்து மீட்பது) இயக்கப்பட்டிருக்கும் நிலையில், அதே இடத்தில் உள்ள என்எஸ்_லாஸ்ட்_பிஐடி கோப்பில் அதற்கு முந்தைய எண்ணை எழுதினால், அடுத்து பிறக்கும் ப்ராசஸுக்கு, அந்த எண் காலியாக இருக்கும்பட்சத்தில், நீங்கள் விரும்பிய எண் கிடைக்கும். முடிவு நிலையை வாங்கிய சேயின் எண்ணை இப்படி ஓர் அப்பாவி ஸ்லீப் நிரலுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் நேரக்கெடு த்ரெட்டை ஓடவிட்டு, அந்த ஸ்லீப் பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள்.